எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி பதில்

முதுகலை மாணவர்கள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு எடுக்கும் பருவம். மனிதர்களிடம் தகவலோ ரத்தமோ வாங்குகிற ஆய்வுகளுக்கு எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு அறநெறிக் குழு) ஒப்புதல் பெறுவது பற்றிச் சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் 18 முதல் 45 வயதுப் பெண்கள் 120 பேருக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஒப்புதல் படிவம் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தேன். ‘தகவல் தாள் புரியும்படி இல்லை, ரத்தம் எடுப்பவர் யார் என்று இல்லை, முடிவு வந்த பின் என்ன என்று இல்லை’ என மூன்று குறிப்பு போட்டுத் திருப்பிவிட்டார்கள். இதற்கு என்ன எழுதுவது?
— எம்.எஸ்சி. ஊட்டச்சத்தியல் மாணவி, சேலம்

மூன்றும் நியாயமான குறிப்புகள். திருத்தினால் அடுத்த கூட்டத்திலேயே கிடைத்துவிடும்.

நீங்கள் அனுப்பியிருக்கும் தகவல் தாளில் இப்படி ஒரு வரி: “இவ்வாய்வின் பொருட்டுத் தங்களது சிரைக்குருதி மாதிரி 2 மி.லி. சேகரிக்கப்பட்டு உயிர்வேதியியல் பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும்.” இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் சம்மதம் அல்ல. பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கிறார், அவ்வளவுதான். அதையே இப்படி எழுதலாம்:

“உங்கள் கையில் ஊசி குத்தி 2 மில்லி ரத்தம் எடுப்போம். டீஸ்பூனில் பாதிகூட வராது. குத்தும்போது சுருக்கென்று இருக்கும். அந்த இடம் ஒன்றிரண்டு நாள் கன்றிப்போகலாம். உடம்பில் ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் எடுக்கிறோம். பார்த்ததும் மீதியை அழித்துவிடுவோம். வேறு சோதனைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம். வேண்டாம் என்று இப்போதும் சொல்லலாம், பாதியிலும் சொல்லலாம். அதனால் ரேஷன், நூறு நாள் வேலை, ஆஸ்பத்திரி மருந்து எதுவும் நிற்காது. நாங்கள் அரசாங்க ஆட்கள் இல்லை, காலேஜிலிருந்து வருகிறோம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டையும் ஃபைலும் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் ஊரில் அவர் அரசு ஊழியர்தான். மறுத்தால் ஏதாவது சலுகை போய்விடும் என்ற பயத்தில் நீட்டுகிற கையைச் சம்மதம் என்று கமிட்டி எடுத்துக்கொள்ளாது.

ஆங்கிலத்தில் எழுதி இணைய மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அப்படி வந்த தாளை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம். நேரே தமிழில் எழுதுங்கள். பிறகு அதை ஆங்கிலமாக்குங்கள். ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரைத் தமிழ்த் தாளை மட்டும் பார்த்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கமிட்டிக்குக் கொடுங்கள்.

ரத்தம் எடுப்பவர் விஷயம்: ஊட்டச்சத்தியல் மாணவி ஊசி போடக் கூடாது. தகுதி பெற்ற லேப் டெக்னீஷியன் அல்லது நர்ஸ் ஒருவரின் சம்மதக் கடிதத்தை இணையுங்கள். ஊசிகளைத் துளைபடாத வெள்ளை டப்பாவில் போட்டு, எந்த மருத்துவமனை வழியாக அப்புறப்படுத்துவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் மலைக்கும் பொருந்தும். ஹீமோகுளோபின் ஒன்றுதான் வேண்டும் என்றால் விரல் நுனியில் குத்திக் கையடக்கக் கருவியில் பார்க்க முடியாதா என்றும் கமிட்டி கேட்கலாம். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, விரலைப் பிதுக்காமல் எடுத்தால்தான் அதில் அளவு சரியாக வரும். ரத்த நாளத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் காரணம் எழுதுங்கள்.

முடிவு வந்த பின் என்ன என்பதுதான் இந்த மூன்றில் பெரியது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. கர்ப்பிணிக்கு இந்த எல்லைகள் 11, 7. கடுமையான ரத்தசோகை உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எண்ணை அட்டவணையில் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயைச் சிகிச்சை தராமல், பென்சிலின் கைக்கு வந்த பிறகும்கூட, வெறுமனே பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகெங்கும் இந்தக் கமிட்டிகள் வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால் இதை எழுதுங்கள்: முடிவை ஒவ்வொருவருக்கும் தமிழில் சீட்டாகக் கொடுப்போம், எத்தனை நாளுக்குள், 12-க்குக் கீழே இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், 8-க்குக் கீழே இருந்தால் அன்றே யார் அழைத்துப்போவார், அந்தச் செலவு யாருடையது. நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே பேசி ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

கமிட்டி கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உயரம் கூடக்கூட ஹீமோகுளோபின் இயல்பாகவே ஏறும். அதற்கான திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கிறது. அதைச் செய்யாமல் 12-ஐ அப்படியே வைத்துப் பார்த்தால் ரத்தசோகை உள்ள சிலர் நலமாக இருப்பவர்கள் கணக்கில் போய்விடுவார்கள். அவர்களுக்குச் சீட்டும் போகாது, மாத்திரையும் போகாது. 120 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். “கைடு சொன்னார்” என்பது சாம்பிள் சைஸுக்குக் காரணம் ஆகாது.

சேர்வராயன் மலையில் ஊர்ப் பெரியவர் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள். அவரிடம் ஒரே கையெழுத்து வாங்கினால் போதாதா? எஸ்டேட்டில் மேனேஜர் அனுமதியும் இருக்கிறது.
— பிஎச்.டி. மாணவர், ஏற்காடு

அவரிடம் முதலில் போவது சரி. போகாமல் வீடு வீடாக நுழைவதுதான் மரியாதைக் குறைவு. ஊர்க்கவுண்டரிடம் உட்கார்ந்து பேசி, என்ன கேட்கப் போகிறோம் என்று கேள்வித்தாளையே காட்டி, ஊருக்குள் வர அனுமதி வாங்குங்கள். ஆனால் அது ஊருக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. சம்மதம் ஆளுக்கு ஆள் தனியாகத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி நெறி இதைத் தெளிவாகச் சொல்கிறது: சமூகத் தலைவரின் அனுமதி தனிநபர் சம்மதத்துக்கு மாற்று ஆகாது. மனைவிக்காகக் கணவர் போடுகிற கையெழுத்துக்கும் இதே பதில்தான்.

நடைமுறையில் தடுமாறுவது சாட்சி விஷயத்தில். படிக்கத் தெரியாதவருக்குத் தகவல் தாளை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது தொடக்கத்திலிருந்து கடைசிவரை, படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் கூட இருக்க வேண்டும். பங்கேற்பவர் கைரேகை வைப்பார், சாட்சி பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திடுவார். மாலையில் நாற்பது படிவத்தையும் மொத்தமாக ஒரே ஆளிடம் நீட்டிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு, நாற்பது தாள். கமிட்டி களத்துக்கு வந்து பார்த்தால் இதைத்தான் முதலில் புரட்டும்.

எஸ்டேட்டில் மேஸ்திரியைச் சாட்சியாக வைக்காதீர்கள். வேலை கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது கூலிக்காரர் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. மேனேஜரிடம் உள்ளே போக அனுமதிக் கடிதம் வாங்குங்கள், அதிலேயே “யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்ற விவரம் நிர்வாகத்துக்குத் தரப்படாது” என்றும் எழுதி வாங்கிவிடுங்கள். பேட்டியைத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலோ அங்கன்வாடியிலோ வைத்துக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். நவம்பர் தொடங்கிக் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் எடைக்குக் கூலி வாங்குகிறவரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால் அது அவர் காசு. எடை போட்டு முடிந்த பிறகு போங்கள். முடியாதென்றால் இழந்த கூலியைக் கொடுங்கள், அந்தத் தொகையைத் தகவல் தாளில் எழுதுங்கள். இழப்பை ஈடு செய்வது தவறில்லை. இரண்டு நாள் கூலியைக் காட்டி இழுப்பது தவறு. எல்லை எங்கே என்று கமிட்டிதான் தீர்மானிக்கும். நீங்கள் கணக்கை மறைக்காமல் வைத்தால் போதும்.

மலையில் மூலிகை வைத்தியம் தெரிந்த பெரியவர்களிடம் பேசித் தாவரப் பட்டியல் தயாரிக்கிறேன். ஊசி இல்லை, மருந்து இல்லை. இதற்கும் எத்திக்ஸ் வேண்டுமா?
— எம்.எஸ்சி. தாவரவியல் மாணவர், ஓமலூர்

வேண்டும். விலக்கு உண்டா இல்லையா என்பதையும் கமிட்டிதான் சொல்ல வேண்டும். ஆய்வாளர் தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள முடியாது. உங்கள் விஷயத்தில் ஆபத்து உடம்புக்கு இல்லை, அறிவுக்கு. எந்தச் செடியின் எந்தப் பாகம், எதோடு சேர்த்து, எந்த அளவில் என்று நீங்கள் அச்சிட்ட நாளிலிருந்து அது எல்லார் கைக்கும் போய்விடும். 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பாரம்பரிய அறிவையும் கணக்கில் எடுக்கிறது. எதை வெளியிடலாம், எதை வெளியிட வேண்டாம் என்று அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை மறைப்பதுதான் எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். “என் அப்பன் சொல்லிக் கொடுத்தது, என் பேர் வரட்டும்” என்று சொல்லும் வைத்தியர்கள் உண்டு. படிவத்தில் ‘பெயர் போடலாம்’, ‘போட வேண்டாம்’ என்று இரண்டு கட்டம் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் செடி பறிக்க வனத்துறை அனுமதி தனி. அதை எத்திக்ஸ் கடிதம் வாங்கித் தராது.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலம், கடன்நிலை பற்றி நேர்காணல் செய்ய இருக்கிறேன். பெயர் எழுத மாட்டேன், அதனால் ரகசியம் காக்கப்படும் என்று எழுதினேன். ‘போதாது’ என்கிறார்கள்.
— எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, சேலம்

போதாதுதான். “சிவதாபுரம், 34 வயது, பற்றவைப்பு வேலை, இடது கண் பார்வை குறைவு, இரண்டு பெண் குழந்தைகள்” என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி வந்தால் அந்தத் தெருவில் யாருக்கும் பெயர் தேவைப்படாது. பட்டறைக்காரருக்கு நிச்சயமாகத் தேவைப்படாது. முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், வேறு பட்டறைக்குப் போக முடியுமா என்றெல்லாம் கேட்கப்போகிறீர்கள். பதில் வெளியே தெரிந்தால் வேலை போகும்.

வயதை ஐந்தாண்டுப் பிரிவாக்குங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் ‘சேலம் மாநகர்’ என்று போடுங்கள். மேற்கோள் எடுக்கும்போது வயது, வேலை, குடும்பம், நோய் நான்கையும் ஒன்றாக ஒட்டாதீர்கள். பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள பட்டியல் ஒரு இடத்தில், பதில்கள் வேறு இடத்தில் இருக்கட்டும். பதிவு செய்வதானால் அதற்குத் தனிச் சம்மதம். பேட்டிக்குச் சரி, ரெக்கார்டிங் வேண்டாம் என்றால் கையால் எழுதுங்கள். ஒலிக்கோப்பை எழுத்தாக்கிச் சரிபார்த்ததும் என்றைக்கு அழிப்பீர்கள் என்ற தேதியும் வேண்டும். செல்போனில் பதிவு செய்தால் அது தானாகவே கூகுள் டிரைவுக்கோ வேறெங்கோ ஏறிக்கொண்டிருக்கும். முதல் நாளே அதை நிறுத்துங்கள். போட்டோவில் முகம் மட்டுமல்ல, சுவரில் தொங்கும் காலண்டரில் பட்டறைப் பெயரும் இருக்கும்.

இன்னொன்று, சங்கடமானது. பட்டறையில் சிறுவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால்? 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதை 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2016 திருத்தமும் தடை செய்கின்றன. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. “நீங்கள் சொல்வது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்” என்று எழுதிவிட்டுப் பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் வாக்குத் தவறியவர் ஆகிறீர்கள். போன் செய்யாமல் விட்டாலும் மனது கேட்காது. ஆகவே வாக்கையே அளந்து கொடுங்கள்: “குழந்தைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்.” இந்த வரியைப் பார்த்துச் சிலர் பேச மறுப்பார்கள். மறுக்கட்டும், அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறோம்.

கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு பற்றி கூகுள் ஃபார்மில் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வி மனச்சோர்வு அளவுகோலை வைத்துச் சர்வே. ஈமெயில் கேட்கவில்லை. இதில் கமிட்டி என்ன குறை காணப்போகிறது?
— எம்.எஸ்சி. உளவியல் மாணவர், ஆத்தூர்

நான்கு இடத்தில் காணும்.

முதலாவது வயது. முதலாமாண்டு இளங்கலை வகுப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் பலருக்கு 17 வயதுதான். அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஃபார்மின் முதல் கேள்வியாகவே வயதை வைத்து, 18 நிறையாதவர் நேரே நன்றிப் பக்கத்துக்குப் போகும்படி பிரிவு அமையுங்கள். ‘சம்மதமில்லை’ என்பவருக்கும் அதே வழி.

இரண்டாவது, சிவப்பு நட்சத்திரம். எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்கிவிட்டு, தகவல் தாளில் “விருப்பமில்லாத கேள்வியைத் தவிர்க்கலாம்” என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ‘பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று ஒரு தேர்வு சேருங்கள்.

மூன்றாவது, லிங்க் போகும் வழி. துறைத்தலைவர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு “எல்லாரும் இன்று மாலைக்குள்” என்று எழுதினால் அது உத்தரவு. ஆசிரியர் தன் மாணவர்களையே ஆய்வுக்கு எடுப்பதில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறதே. லிங்கை வேறு துறை மாணவர் ஒருவர் மூலம் அனுப்புங்கள்.

நான்காவதுதான் முக்கியம். பி.எச்.கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றியது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறித்து அனுப்புகிறார். நீங்கள் ஈமெயில் வாங்கவில்லை, யாரென்றே தெரியாது. மூன்று வாரம் கழித்து எக்ஸெல்லில் அந்த வரியைப் பார்ப்பீர்கள். அப்போது என்ன செய்வீர்கள் என்றுதான் கமிட்டி கேட்கும். வழி இரண்டு. உங்கள் ஆய்வுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய தகவல் தேவையில்லை என்றால் ஒன்பதாவது கேள்வி இல்லாத பி.எச்.கியூ-8 இருக்கிறது, அதை எடுங்கள். தேவை என்றால் பெயர் தெரியாத சர்வேயை விட்டுவிட்டு, நேரில் கேட்டு, அன்றன்றைக்கே பதில்களைப் பார்த்து, கல்லூரி ஆலோசகர் அல்லது மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாட்டோடு வாருங்கள். எந்த வழியானாலும் ஃபார்மின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸின் எண் 14416 இருக்கட்டும். பாதியில் மூடிவிட்டுப் போகிறவர் கடைசிப் பக்கத்தைப் பார்க்க மாட்டார்.

பி.எச்.கியூ அளவுகோலை அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். பெக் மனச்சோர்வு அளவுகோல் போன்றவற்றுக்கு உரிமை வாங்க வேண்டும். சீனியர் தீசிஸிலிருந்து எடுத்த பிரதி உரிமை ஆகாது.

அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செல்போன் பழக்கம் பற்றி ஆய்வு. தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். பெற்றோரிடம் தனியாக வாங்க வேண்டுமா?
— எம்.எட். மாணவி, வாழப்பாடி

வாங்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் முதலில் கல்வித் துறையின் அனுமதிக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள். தலைமையாசிரியர் சம்மதம் பள்ளிக்குள் வர, பெற்றோர் சம்மதம் பிள்ளையைக் கேட்க. பிறகு பிள்ளையின் இசைவு. 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகப் பெற்றுக் குறித்துக்கொள்ள வேண்டும், 12 முதல் 18 வரை எளிய தாளில் எழுத்தில். அப்பா சரி என்று பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

“மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்” என்று சுற்றறிக்கை அனுப்புவது செல்லாது. அந்தச் சீட்டு டிஃபன் பாக்ஸுக்கு அடியில் கசங்கிக் கிடக்கும். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் நேரில் பேசி வாங்குவதே சுலபம். கலந்துகொள்ளாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு பீரியடில் என்ன வேலை என்றும் யோசித்து வையுங்கள். வெளியே நிற்க வைத்தால் அடுத்த வகுப்பில் எல்லாரும் ‘சம்மதித்து’விடுவார்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. மேலே கொலுசுப் பட்டறைக்குச் சொன்ன வரி இங்கேயும் வேண்டும்.

எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் கமிட்டியே இல்லை. அமைக்க என்ன வேண்டும்? முதல்வர் தலைவராக இருக்கலாமா?
— உதவிப் பேராசிரியர், ஆத்தூர்

இருக்கக் கூடாது. நிறுவனத் தலைவர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது, மேல்முறையீட்டுக்குத்தான் அவர். தலைவர் வெளியாள், மெம்பர் செக்ரட்டரி கல்லூரிக்காரர். மொத்தம் 7 முதல் 15 பேர், பாதிப் பேராவது வெளியிலிருந்து. மருத்துவர், அடிப்படை மருத்துவ அறிவியல் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் அல்லது தத்துவம் சார்ந்தவர், பொதுமக்களில் ஒருவர். இந்தப் பொதுமக்கள் உறுப்பினர், படிக்கத் தெரிந்தவராகவும் கடந்த 5 ஆண்டில் மருத்துவம் சார்ந்த வேலை பார்க்காதவராகவும் இருக்க வேண்டும். பல கல்லூரிகள் ஓய்வுபெற்ற பேராசிரியரைப் போட்டு இடத்தை நிரப்புகின்றன. அம்மாபேட்டையில் கைத்தறி நெய்கிறவரோ அஞ்சலகத்தில் வேலை பார்த்தவரோ வந்தால் தகவல் தாள் எவ்வளவு கடினம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கூட்டத்துக்குக் குறைந்தது 5 பேர். அதற்குக் கீழே எடுத்த முடிவு செல்லாது. தன் மாணவரின் ப்ராஜெக்ட் வரும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், போனதாக மினிட்ஸில் எழுத வேண்டும். எழுதுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

2019-ன் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிரியல் மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் அதன் ‘நைதிக்’ இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். ஊட்டச்சத்து, மனநலம் எல்லாம் சுகாதார ஆய்வில்தான் வரும். புது மருந்துச் சோதனைக்குப் பதிவு வேறு, அது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம். ஆண்டுக்கு ஐந்தாறு ஆய்வுதான் வருகிறது என்றால் புதிதாக அமைத்துச் சிரமப்படுவதைவிட, பதிவுள்ள கமிட்டி வைத்திருக்கும் சேலத்துக் கல்லூரி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். ஐ.சி.எம்.ஆர். நெறி அதற்கு இடம் தருகிறது.

தகவல் சேகரித்து முடித்துவிட்டேன். ஜர்னல் இப்போது எத்திக்ஸ் எண் கேட்கிறது. முன்தேதியிட்டு வாங்க வழி உண்டா?
— பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

இல்லை. கமிட்டி எதிர்காலத்துக்குத்தான் ஒப்புதல் தரும். முன்தேதிச் சான்று பொய் ஆவணம், கொடுத்தவர் மாட்டும்போது நீங்களும் மாட்டுவீர்கள். நடந்ததை எழுதிக் கமிட்டியிடம் கொடுங்கள். அந்தத் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் சொல்லலாம். புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கலாம். இந்தக் கேள்வியை எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஒப்புதல் கிடைத்த பிறகு ஆட்கள் குறைந்தால் பக்கத்து ஊரைச் சேர்த்துக்கொள்ளலாமா? கையெழுத்திட்ட படிவங்களை எவ்வளவு காலம் வைக்க வேண்டும்?
— ஆய்வு மாணவர்கள் பலர்

ஊர், வயது வரம்பு, ஒரு கேள்வி, கொடுக்கும் ஈட்டுத் தொகையில் ஒரு ரூபாய் எது மாறினாலும் திருத்தக் கடிதம் கொடுத்து ஒப்புதல் வந்த பிறகே மாற்றுங்கள். பழைய வடிவத்தில் வாங்கியதும் புதிய வடிவத்தில் வாங்கியதும் கலந்துபோகாமலிருக்க, ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வடிவம் 2’ என்று தேதியோடு போடுங்கள். ஒப்புதலில் குறித்த காலம் முடியும் முன்பே முன்னேற்ற அறிக்கையோடு நீட்டிப்புக் கேளுங்கள். ஏதேனும் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் கமிட்டிக்குத் தெரிய வேண்டும். ஊசி போட்ட இடத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அதில் அடங்கும்.

படிவங்கள் ஆய்வு முடிந்து குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும், மருந்துச் சோதனை என்றால் 5. பெயருள்ள படிவங்கள் ஒரு பீரோவில், எண் மட்டும் உள்ள கேள்வித்தாள்கள் இன்னொன்றில், இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்காமல். படிப்பு முடிந்து போகும்போது எல்லாவற்றையும் கைடிடம் எண்ணி ஒப்படைத்து, எத்தனை தாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.